மொட்டை மாடியில் பாலித்தீன் குடில் வேண்டாம்

சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே புகாரைத்தான் சுமந்து வருகின்றன: "பசுமைக்குடில் அமைத்தோம், ஆனால் செடிகள் காய்க்கவில்லை." சென்ற வாரம் தாம்பரம் பக்கம் ஒரு மாடியில் பார்த்ததும் அதே கதைதான். தலைக்கு மேலும் நான்கு பக்கமும் பாலித்தீன் ஷீட் போர்த்தி, கதவை ஜிப் வைத்து இழுத்து மூடியிருந்தார்கள். உள்ளே தக்காளிப் பூக்கள் காம்பின் நடுக்கணுவில் மஞ்சளாகி, பைகளைச் சுற்றி உதிர்ந்து கிடந்தன. உரம் போதவில்லை என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். உரத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பசுமைக்குடில் வெயிலிலிருந்து செடியைக் காக்கும் என்று நம்மூரில் பலரும் நம்புகிறார்கள். அது குளிரிலிருந்து காப்பதற்காக உருவான அமைப்பு. நெதர்லாந்து போன்ற நாடுகளில் வெளியே செடி நிற்கவே முடியாத பருவத்திலும் தக்காளி விளைவிப்பதற்காகக் கண்ணாடிக் கூடங்களைக் கட்டினார்கள். போதாத சூட்டுக்கு உள்ளே வெப்பமூட்டவும் செய்கிறார்கள். ஏற்கெனவே சூடு மிகுந்த சென்னையிலும் மதுரையிலும் அதே கூட்டுக்குள் செடியை அடைத்தால், அது வெயிலைத் தணிப்பதில்லை, கூட்டுகிறது. தக்காளிக்குப் பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தால் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். கோடையில் நம் மாடிகள் திறந்தவெளியிலேயே அந்த எல்லையில்தான் இருக்கின்றன. மூடிய குடிலுக்குள் நிலைமை எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே புகுந்த வெளிச்சம் மண்ணையும் தளத்தையும் சுடவைக்க, அவற்றை ஒட்டிய காற்று சூடேறுகிறது. திறந்தவெளியில் அந்தக் காற்று மேலெழுந்து போய்விடும். குடிலில் போக வழியில்லை. 1909இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் ஒரு பெட்டியை வெப்பக் கதிர்களைத் தடுக்கும் கண்ணாடியாலும், மற்றொன்றை வெப்பக் கதிர்களை எளிதில் வெளியே விடும் உப்புப் படிகப் பலகையாலும் மூடிச் சோதித்தபோது, இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுக்குச் சூடாயின. சிறைப்பட்ட காற்றுதான் முதன்மைக் காரணம் என்பதற்கு அது போதுமான சான்று. ஆகவே கூரை உச்சியில் சூடான காற்று வெளியேறத் திறப்பு இல்லாத எந்தக் குடிலையும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள். மதியத்தில் உள்ளே தண்ணீர் தெளித்தால் குளிரும் என்பதும் காற்றோட்டம் இருந்தால்தான் நடக்கும். மூடிய குடிலில், அதுவும் கடலோரப் புழுக்கத்தில், ஈரம்தான் மிஞ்சும், பின்னாலேயே பூஞ்சணம் வரும்.

உதகையில் உறைபனிக் காலத்துக்கும், ஓசூரில் விற்பனைக்கான ரோஜாவுக்கும் பாலித்தீன் குடில் பொருத்தமானது. அங்கேயும் அதைத் திறந்து மூடிப் பராமரிக்க ஆள் இருக்கிறார்கள். சமவெளி மாடிக்குத் தேவை நிழல்வலை. அதிலும் 75 சதவீத வலையை, அதாவது வெளிச்சத்தில் அவ்வளவு பங்கைத் தடுக்கும் வலையை, கேட்டு வாங்குகிறார்கள், எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்து! அது ஆந்தூரியத்துக்கும் பெரணிக்கும் உரியது. அதன் கீழே கத்தரியையும் வெண்டையையும் வைத்தால் வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக வளரும், காய்க்காது. காய்கறிக்கு 35 அல்லது 50 சதவீதம் போதும். அதையும் மார்ச் முதல் ஜூன் வரை கட்டிவிட்டு, வெயில் தணிந்ததும் சுருட்டி வைத்துவிடுங்கள்.

பாலித்தீன் ஷீட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டாம். பக்கங்களைக் கழற்றிவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையில் நாற்றுகளுக்கு மேற்கூரையாக மட்டும் பயன்படுத்தினால், குழித்தட்டில் மழைநீர் தேங்கி நாற்று அழுகுவது வெகுவாகக் குறையும். வெள்ளை ஈக்காகச் சுற்றிலும் நுண்வலை கட்டுபவர்கள், அது தேனீயையும் தடுக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பாகல், பூசணிக்குக் காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நீங்களே தொட்டுவிட வேண்டும்.

தயவுசெய்து கம்பிகளை நடுவதற்காகத் தளத்தைத் துளையிடாதீர்கள். கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கட்டலாம், அல்லது மண் நிரப்பிய கனமான தொட்டிகளில் கால்களைப் பதிக்கலாம். புயல் எச்சரிக்கை வந்தால் முதல் நாளே ஷீட்டையும் வலையையும் அவிழ்த்துவிடுங்கள். பாய்மரம்போல் காற்றை வாங்கும் ஒரு ஷீட், கம்பியோடு சேர்ந்து பக்கத்து வீட்டின் மேல் போய் விழக்கூடும்.