விளையாட்டுத்தனம் இல்லீங்க, விளையாடல்!

போன ஞாயித்துக்கிழமை பெங்களூர் அல்சூர்ல ஒரு மாடி ஹால்ல சின்னதா ஒரு கேம் டெமோ. டிசைன் படிக்கிற பசங்க நாலஞ்சு பேர் தாங்களே யோசிச்சுப் பண்ண ஆட்டங்களைப் பரப்பி வச்சிருந்தாங்க, யார் வேணா ஏறிப்போய் ஆடலாம். ஏரியால தமிழ் ஜனம் ஜாஸ்திங்கறதால தமிழ்லயும் ஒரு நோட்டீஸ் அடிச்சிருந்தாங்க, அந்த மனசுக்கு முதல்ல ஒரு கும்பிடு. ஆனா தலைப்புல கொட்டை எழுத்துல என்ன இருந்துச்சுன்னா, "சோதனை விளையாட்டு வடிவமைப்பும் விளையாட்டுத்தனமான அனுபவங்களும்". கூட வந்த எங்கம்மா கண்ணாடியை ஏத்திவிட்டு ஒரு தடவை படிச்சாங்க, "யாருடா இங்க பொறுப்பில்லாம இருக்கறது?"ன்னு கேட்டாங்க.

இந்த "விளையாட்டுத்தனமான அனுபவம்" எனக்குப் புதுசு இல்ல. ஆபீஸ்ல ஆப்களுக்குத் தமிழ் பாத்துக் குடுக்கற வேலை, மாசத்துக்கு ரெண்டு தடவையாவது இது வந்து நிக்கும், நானும் கோடு போட்டு அடிச்சு அடிச்சு கை ஓஞ்சு போச்சு. அதான் இன்னிக்கு உக்காந்து எழுதிடறேன்.

இங்கிலீஷ்ல இருந்தது எக்ஸ்பெரிமென்டல் கேம் டிசைன், பிளேஃபுல் எக்ஸ்பீரியன்ஸ். அது எப்படிப்பட்ட ஆட்டம்னு முதல்ல ரெண்டு உதாரணம் சொல்லிடறேன். 2005ல அமெரிக்காவுல கார்னகி மெலன் யுனிவர்சிட்டில நாலு மாணவர்கள் ஒரு கட்டுப்பாடு போட்டுக்கிட்டாங்க, ஒரு ஆட்டத்தை ஒரே ஆள்தான் பண்ணணும், ஏழு நாளுக்குள்ள முடிக்கணும், எல்லாருக்கும் பொதுவா ஒரு கரு, உதாரணத்துக்கு ஈர்ப்புவிசை. நல்லா வந்தா சரி, வரலன்னா அடுத்த வாரம் வேற. அப்படி கைல் கேப்லர் பண்ண ஒரு பிசின் கோபுர ஆட்டம்தான் 2008ல வேர்ல்ட் ஆஃப் கூன்னு முழு கேமா வளந்துச்சு. இன்னொரு பக்கம் ஸ்க்ரீனே இல்லாத ஆட்டங்கள். 2011 வாக்குல டக்ளஸ் வில்சன் பண்ண ஒண்ணுல எல்லாரும் கையில ஒரு ஒளிர்ற கோலைப் பிடிச்சுக்கணும், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கோட இசை ஓடும், இசை மெதுவா போறப்ப கை லேசா ஆடினாலே அவுட், வேகமானா கொஞ்சம் துள்ளலாம், அடுத்தவங்க கையைத் தட்டிவிடணும். அல்சூர் பசங்க இதையே எவர்சில்வர் டம்ளர்ல தளும்பத் தளும்பத் தண்ணி ஊத்தி வச்சுப் பண்ணியிருந்தாங்க. தண்ணி சிந்தினா அவுட்டு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒருத்தங்க ரெண்டு காலேஜ் பசங்களை முழங்கையாலயே காலி பண்ணிட்டாங்க.

சரி, சொல்லுக்கு வருவோம். விளை-ன்னா விருப்பம், விரும்பி ஆடறது விளையாட்டுன்னு சொல்லுவாங்க. தொல்காப்பியம் உவகைக்கு நாலு காரணம் சொல்றப்ப செல்வம், புலன், புணர்வுன்னு சொல்லிட்டு நாலாவதா விளையாட்டைத்தான் வைக்குது. அவ்வளவு மரியாதையான சொல். அதுக்குப் பின்னாடி "தனம்" ஒட்டினா என்ன ஆகுது பாருங்க. முட்டாள்தனம், கஞ்சத்தனம், போக்கிரித்தனம், சின்னத்தனம். புத்திசாலித்தனம், கெட்டிக்காரத்தனம்னு ரெண்டு மூணு நல்லதும் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா அங்கெல்லாம் முன்னாடி நிக்கற சொல்லே பாராட்டு, விளையாட்டுல அந்தப் பாதுகாப்பு கிடையாது. "விளையாட்டுத்தனமா இருக்காதே"ன்னு கேக்காம தமிழ் வீட்ல யாராச்சும் வளந்திருக்கோமா? திட்டறதுக்குன்னே வச்சிருக்கற சொல்லை எடுத்து அழைப்பிதழ்ல போட்டா எங்கம்மா கேட்டதைத்தான் எல்லாரும் கேப்பாங்க.

இதுக்கு மாற்றுன்னு ஒரு நண்பர் "கேளிக்கை அனுபவம்"னார். கேளிக்கைன்னா எனக்கு உடனே ஞாபகம் வர்றது டிக்கெட்ல பிடிக்கற கேளிக்கை வரிதான், அதுவும் கேளிக்கையை நாம உக்காந்து பாக்கறோம், இதை நாம ஆடறோம். அவரே அனுபவத்துக்குப் பட்டறிவுன்னு போடணும்னு வேற பிடிவாதம். பட்டு அறியறது பட்டறிவு, "விளையாட்டுப் பட்டறிவு"ன்னா சீட்டாட்டத்துல வீட்டை வித்தவர் சொல்ற மாதிரி இருக்கு. எனக்கும் தனித்தமிழ் பிடிக்கும்ங்க, ஆனா சொல்லைக் கேட்டவுடனே வேற ஆள் கண்ணு முன்னாடி வந்து நிக்கக் கூடாதில்லையா.

அடுத்து "சோதனை". போலீஸ் பண்றது சோதனை, வருமானவரிக்காரங்க வீடு புகுந்து பண்றது சோதனை, ரத்தம் எடுத்தா சோதனை, கஷ்டம் வந்தா சாமி பண்றது சோதனை. "சோதனை விளையாட்டு"ன்னா ஓட்டப்பந்தயக்காரருக்கு ஊக்கமருந்து டெஸ்ட் எடுக்கறதுன்னுதான் தோணும். நாடகக்காரங்க பரீட்சார்த்தம்னு ஒண்ணு வச்சிருக்காங்க, வாயில நுழைய முதல்ல தண்ணி குடிக்கணும். விஷயம் என்னன்னா எக்ஸ்பெரிமென்ட்டுக்குத் தமிழ்ல தனிச்சொல் தேடவே வேணாம், அது வினைச்சொல்லோட வால்லயே இருக்கு. தொட்டுப் பாரு, ருசிச்சுப் பாரு, போட்டுப் பாரு. டம்ளர் ஆன்ட்டி முதல்ல "எனக்கெதுக்குப்பா இதெல்லாம்"னு ஒதுங்கிட்டு, அப்பறம் கையை நீட்டி "சரி குடு, ஆடிப் பாக்கறேன்"னாங்க. ஆடிப்பார்க்கும் ஆட்டம், அவ்வளவுதான் எக்ஸ்பெரிமென்டல் கேம். கொஞ்சம் நீளம்தான், ஆனா விளக்கம் கேக்க மாட்டாங்க.

கேமுக்கு ஆட்டம்னு ஏன் சொல்றேன்னும் சொல்லிடறேன். ஃப்ரான்ஸ்ல ஆட்டங்களைப் பத்தி எழுதின ரோஜே காய்வா 1958ல விதியோட ஆடறது, விதியில்லாம துள்றதுன்னு ரெண்டு முனையாப் பிரிச்சார், அதுக்குப் பேர் வைக்க லத்தீன்லயும் கிரேக்கத்துலயும் கடன் வாங்கினார். நமக்கு அந்தக் கஷ்டம் இல்ல. விதி வச்சு ஆடறது ஆட்டம், ஆடுபுலி ஆட்டம், சீட்டாட்டம், இன்னும் ஒரு ஆட்டம் போடலாமா. குழந்தை மண்ணுல அளையறது விளையாட்டு. இங்க கன்னடக்காரங்களும் ஆட்டத்தை ஆட்டம்ங்கற மாதிரிதான் சொல்றாங்க. நாமதான் ஒலிம்பிக்ஸ், லூடோ, செல்போன், குழந்தை எல்லாத்தையும் விளையாட்டுங்கற ஒரே மூட்டையில கட்டிட்டோம். பேப்பர்ல விளையாட்டுச் செய்தின்னா கிரிக்கெட்.

அப்ப பிளேஃபுல் எக்ஸ்பீரியன்ஸ்? விளையாடல். மதுரையில சிவன் 64 தடவை பண்ணதுக்குத் திருவிளையாடல்னு பேரு, வளையல் வித்தாரு, விறகு சுமந்தாரு, பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படி வாங்கினாரு, யாராவது அதைத் திருவிளையாட்டுத்தனம்னு சொல்லுவோமா? வினையடையா வேணும்னா "விளையாட்டாய்" இருக்கு, "விளையாட்டா கத்துக்கிட்டான்"னு சொன்னா அது பாராட்டு. இவ்வளவும் கையில இருக்கறப்ப டிக்‌ஷ்னரியில முதல் அர்த்தத்தை எடுத்து ஒட்டிட்டுப் போறவங்களை என்ன சொல்றது, ஒரு சொல்லுக்கு இத்தனை பைசான்னு காசு, எவன் வாய்விட்டுப் படிச்சுப் பாப்பான். மெஷின் மொழிபெயர்த்ததை மனுஷன் பாக்கறான்னு பேரு, ரெண்டு பேருமே பாக்கல.

பசங்ககிட்ட நோட்டீஸ் பின்னாடியே பேனால எழுதிக் குடுத்தேன்: "ஆடிப்பார்க்கும் ஆட்டங்கள், விளையாடல்கள்". அடுத்த மாசம் அடிக்கறப்ப போடறோம்ணான்னாங்க. அதுக்குள்ள கேம் ஜாமுக்கு என்ன சொல்றதுன்னு சொல்லுங்கண்ணான்னு கேட்டுட்டாங்க, 48 மணி நேரம் கூடி உக்காந்து கேம் பண்றது. இன்னும் பிடிபடல. ஜாம்னே விட்டுடலாம்தான், ஆனா பெங்களூர்ல ஜாம்னு அடிச்சா ஜனம் வேற ரூட் பிடிச்சுப் போயிடும்.