அலிக்வாட்: நம் ஊர்ச் சந்தையின் ‘கூறு’

ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலை பழக வரும் பிள்ளைகள் முதலில் தடுமாறுகிற சொல் ‘அலிக்வாட்’. லத்தீனில் இதற்கு ‘ஒருசில’ என்பதுதான் பொருள். கணக்கில், மீதி வராமல் வகுக்கும் எண்ணுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது: 12-க்கு 3 அலிக்வாட், 5 அல்ல. அப்புறம் வேதியியல்காரர்கள் அதை எடுத்து, மொத்தத்திலிருந்து அளந்து பிரித்த பகுதிக்கு வைத்துக்கொண்டார்கள்.

பாளையங்கோட்டையில் எங்கள் கூடத்தில் ஒருநாள் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் மஞ்சள் நீரை, அரை மில்லி அரை மில்லியாகச் சின்னக் குப்பிகளில் பிரித்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். அம்பாசமுத்திரத்திலிருந்து பயிற்சிக்கு வந்த பெண் பார்த்துவிட்டு, “என்னக்கா, மீனைக் கூறு வச்ச மாதிரில்லா இருக்கு” என்றாள். அதற்குமேல் வேறு சொல் தேட எனக்குத் தோன்றவில்லை. சந்தையில் சாளையையும் கத்தரிக்காயையும் ஒரே அளவாகக் குவித்திருக்க, ‘கூறு என்ன விலை’ என்று கேட்கிறோமே, அதே கூறு. சிவனை மாதொரு கூறன் என்பதிலும் இதுதான். ‘பங்கு’ என்றும் எழுதலாம். ஆனால் பங்கு என்றதும் யாருடையது என்ற கேள்வி வந்துவிடுகிறது.

சரி, ஏன் கூறு போடுகிறோம்? நோயைக் காட்டித்தரும் உயிர்க்குறிகளை ஆண்டுக்கணக்கில் காக்க, சீரத்தை -80 டிகிரியில் உறையவைக்கிறோம். -20 போதாது. உப்புக் கலந்த நீர் அந்தக் குளிரில் முழுக்க உறைவதில்லை. உறையாமல் மிஞ்சிய துளியில் உப்பும் புரதமும் நெருக்கியடித்து நிற்க, நொதிகள் மெல்ல வேலை செய்துகொண்டே இருக்கும். அதைவிடப் பெரிய கேடு, உருகி மறுபடி உறைவது. ஒவ்வொரு தடவையும் புரதங்களின் மடிப்பு கொஞ்சம் குலையலாம். 5 மில்லியை ஒரே குழாயில் வைத்தால் ஒவ்வொரு சோதனைக்கும் மொத்தமும் உருக வேண்டும். கூறாக இருந்தால் ஒன்றை மட்டும் எடுக்கலாம். சோடியமும், சிறுநீரகச் சோதனையில் பார்க்கும் கிரியாட்டினினும் உறைவதை நன்றாகத் தாங்கும். எல்டிஎச் நொதி அப்படியல்ல, குளிரிலேயே வலுவிழக்கும்.

உருகிய கூறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: அடியில் அடர்ந்த மஞ்சள், மேலே வெளிறிய நீர். மேலாக உறிஞ்சினால் எல்லா அளவும் குறைத்துக் காட்டும். குலுக்கினால் நுரைக்கும். தலைகீழாக மெதுவாக, பல தடவை கவிழ்த்துக் கலக்க வேண்டும். அது முடிந்ததும் அந்தப் பெண் பதிவேட்டில் எழுதுகிறாள்: கூறு 3, உருகியது 1 தடவை.