88-வது நிமிடத்தில் நழுவிய மேட்ச்சும் விடியும்வரை வராத தூக்கமும்

என்னிடம் ஆலோசனைக்கு வருகிற யாரும் "மேட்ச் டிரா ஆகிடுச்சு, அதனால வந்தேன்" என்று சொல்வதில்லை. தூக்கம் கெட்டுப்போச்சு, ஆபீஸில் கவனமே இல்லை, வீட்டில் எதற்கெடுத்தாலும் சண்டை என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். கொஞ்சம் விசாரித்தால், சிலருக்கு இதெல்லாம் வார இறுதியை ஒட்டித்தான் அதிகமாகிறது என்று தெரியவரும். அப்புறம்தான் தயங்கித் தயங்கி, ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்வதுபோல, "நான் லிவர்பூல் ஃபேன் மேடம்" என்று வாயிலிருந்து வரும். இல்லையென்றால் ஆர்சனல், இல்லையென்றால் யுனைடெட். எல்லாம் இங்கிலாந்தின் ஃபுட்பால் அணிகள்.

வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. கண்ணால் நேரில் பார்த்திராத ஊரின் அணிக்காக சென்னையில் ஒருவர் நடுராத்திரி கண்விழிப்பதை வீட்டில் இருப்பவர்கள் கிண்டல் செய்யலாம், ஆனால் இங்கிருந்து லண்டன் எவ்வளவு தூரம் என்பது உடம்புக்குத் தெரியாது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, விசில் ஊதி முடித்த பிறகும் அந்தப் பரபரப்பு இறங்க நேரமாகிறது.

ஆனால் எல்லா ஏமாற்றமும் ஒரே ரகம் இல்லை. 3-0 என்று தோற்ற மேட்ச்சைப் பார்த்தவர் நாலு திட்டு திட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார். கடைசி வரை ஜெயித்துக்கொண்டிருந்து டிரா ஆன மேட்ச்சைப் பார்த்தவர்தான் விடிய விடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். கணக்குப்படி தோற்றவருக்கு ஒன்றுமில்லை, இவருக்கு ஒரு பாயிண்ட் கிடைத்திருக்கிறது (ஜெயித்திருந்தால் மூன்று). இருந்தும் வலி இவருக்குத்தான் அதிகம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அது இதுதான்.

இதைப் புரியவைக்க நான் வழக்கமாக எடுக்கும் உதாரணம் 2014 மே 5, லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் அணியின் மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க். பேலஸை எதிர்த்து லிவர்பூல். அங்கே திங்கட்கிழமை இரவு 8 மணி, இங்கே செவ்வாய் விடியப்போகும் 12.30. 1990-க்குப் பிறகு லீக் பட்டத்தைத் தொடாத அணி, அதைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்ட சீசன் அது. ஒரு வாரம் முன்புதான் செல்சியுடன் லிவர்பூல் கேப்டன் ஜெரார்ட் வழுக்கி விழுந்து 2-0 என்று தோற்றிருந்தார்கள், அந்தக் காயம் ஆறவில்லை. ஆலன் ஒரு கோல், ஸ்டர்ரிட்ஜ் அடித்து பேலஸ் டிஃபெண்டர் டெலானி மேல் பட்டுத் திரும்பியது ஒன்று, 55-வது நிமிடத்தில் சுவாரெஸ் ஒன்று. 3-0. பாயிண்ட் சமமானால் கோல் வித்தியாசம்தான் (அடித்த கோலில் வாங்கியதைக் கழித்தது) பட்டத்தை முடிவுசெய்யும், அதில் போட்டி அணியான மான்செஸ்டர் சிட்டி முன்னால் இருந்ததால் இன்னும் அடிக்கவேண்டும் என்று லிவர்பூல் ஏறிக்கொண்டே போனது. அப்புறம் பேலஸ் திருப்பி அடித்தது: 79-ல் டெலானி. 81-ல் கேல். 88-ல் மறுபடியும் கேல். 3-3.

மேட்ச் முடிந்ததும் சுவாரெஸ் ஜெர்சியை மேலே இழுத்து முகத்தை மூடிக்கொண்டு நின்றார். அழுதுகொண்டிருந்த அவரைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள், நெருங்கிவந்த கேமராவை ஜெரார்ட் கையால் தள்ளிவிட்டார். அதே மைதானத்தில், அதே நொடியில், பேலஸ் ரசிகர்கள் திருவிழா கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு அணிக்கும் கிடைத்தது அதே ஒரு பாயிண்ட்தான் என்பதைக் கவனியுங்கள்.

ஆக, வலி ஸ்கோரில் இல்லை. மனசு எந்த இடத்தில் நின்றுகொண்டு அந்த ஸ்கோரைப் பார்க்கிறது என்பதில் இருக்கிறது. 3-0 ஆனதுமே ரசிகரின் மனசு மூன்று பாயிண்ட்டை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டது. அதற்கப்புறம் போனதெல்லாம் தன் கையிலிருந்து திருட்டுப் போனதாகத்தான் அதற்குப் படும். டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். இரண்டு பேர் டிராஃபிக்கில் மாட்டி விமானத்தைத் தவறவிடுகிறார்கள், இருவரும் அரை மணி நேரம் தாமதம். ஒருவரின் விமானம் சரியான நேரத்துக்கே போய்விட்டது. இன்னொருவரின் விமானம் தாமதமாகி, இப்போதுதான் ஐந்து நிமிடம் முன்பு கிளம்பியது. யாருக்கு ஆத்திரம் அதிகம்? கேட்டவர்களில் பெரும்பாலானோர் ஐந்து நிமிடக்காரரைத்தான் சொன்னார்கள். இழப்பு இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் ஐந்து நிமிடம் என்றால், "அந்த சிக்னல்ல மட்டும் நிக்காம இருந்திருந்தா" என்று மனசு கதை கட்ட ஆரம்பித்துவிடுகிறது. கதையை மாற்றுவது எவ்வளவு சுலபமோ, வலி அவ்வளவு அதிகம். 88-வது நிமிடக் கோலை மனசுக்குள் மாற்றி எழுதுவது ரொம்பச் சுலபம்: ஒரு டிஃபெண்டர் ஓரடி பின்னால் நின்றிருந்தால் போதும், ஒரு சப்ஸ்டிட்யூஷன் பத்து நிமிடம் முன்னால் நடந்திருந்தால் போதும்.

தூக்கத்தைக் கெடுப்பது இந்த "இருந்திருந்தா"தான். என்னிடம் வந்த ஒரு இளைஞர் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) பேசிக்கொண்டே மேஜைமேல் பேனா மூடி, சாவிக்கொத்து, என் பேப்பர் வெயிட் எல்லாவற்றையும் நகர்த்தி ஒரு கோல் எப்படி விழுந்தது என்று காட்டினார். ரைட் பேக் இங்கே நின்றிருக்கணும் என்று சாவிக்கொத்தை ஒரு அங்குலம் தள்ளி வைத்தார். மறுபடி பழைய இடத்தில் வைத்தார். மறுபடி தள்ளினார். அது நடந்து முடிந்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் "சும்மா விடுங்க, ஒரு கேம்தானே" என்று யாராவது சொன்னால் அது எடுபடாது, எரிச்சல்தான் ஏறும். நான் வேறு மாதிரி முயற்சி செய்வேன்: சரி, அந்த "இருந்திருந்தா"வை முழுசாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் வாங்க என்பேன். 2014-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று கோலால்தான் பட்டம் போச்சு என்று இன்றைக்கும் நம்புகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். சீசன் முடிவில் சிட்டிக்கு 86 பாயிண்ட், லிவர்பூலுக்கு 84. பேலஸுடன் ஜெயித்திருந்தால் இரண்டு பாயிண்ட் கூடியிருக்கும், 86-க்கு 86. இப்போது கோல் வித்தியாசத்தைப் பாருங்கள். சிட்டி 102 அடித்து 37 வாங்கியது, வித்தியாசம் 65. லிவர்பூல் 101 அடித்து 50 வாங்கியது, வித்தியாசம் 51, அந்த மூன்று கோலை வாங்காமல் இருந்திருந்தால் 54. மற்ற மேட்ச்சுகள் நடந்தபடியே நடந்திருந்தால் கப் சிட்டிக்குத்தான் போயிருக்கும்! (பேலஸில் ஜெயித்திருந்தால் சிட்டிக்கு நெருக்கடி கூடியிருக்கும், அவர்களும் சறுக்கியிருப்பார்கள் என்று வாதாடுவீர்கள், தெரியும். வாதாடலாம். ஆனால் பகலில் வாதாடுங்கள்.)

இதைப் பேப்பரில் எழுதிப் பார்க்கும்போது சிலருக்கு முகமே மாறும். வலி போய்விடாது, ஆனால் அந்த ஒற்றை நிமிடத்தின்மேல் இருந்த பிடி தளரும். ஒன்று மட்டும், இதை அன்றிரவு செய்யாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு லீக் டேபிளைத் திறந்து உட்கார்ந்தால் கணக்கு வராது, கோபம்தான் வரும்.

அன்றிரவு செய்ய வேண்டியது வேறு, அது ரொம்பச் சாதாரணம். விசில் ஊதியதும் டிவியை அணையுங்கள், பேட்டிகளும் ரீப்ளேயும் நாளைக்கும் இருக்கும். எழுந்து நடங்கள், மொட்டை மாடிக்குப் போங்கள், முகம் கழுவுங்கள், உடம்பில் ஏறிய பரபரப்பு உட்கார்ந்த இடத்திலேயே சீக்கிரம் இறங்காது. போனை வேறு அறையில் வையுங்கள். எதிரணி நண்பன் வாட்ஸ்அப் குரூப்பில் மீம் போட்டுக் கலாய்க்கக் காத்திருப்பான், பதில் சொல்லாவிட்டால் தோற்ற மாதிரி என்று தோன்றும், பதில் சொன்னால் விடியும்வரை ஓடும். வெளியே போய்க் கூட்டமாகப் பார்த்தவர்கள் உடனே பைக்கை எடுக்காமல் கொஞ்சம் நேரம் நின்று பேசிவிட்டுக் கிளம்புங்கள். குடித்திருந்தால் வண்டியைத் தொடவே கூடாது. மறுநாள் மத்தியானம் அரைத்தூக்கம் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காமல் வழக்கமான நேரத்துக்கே எழுந்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு இரவு கெட்டது மூன்று இரவாக நீளும்.

இனி நான் நிஜமாகக் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மனைவி சொன்னது: "ஸ்கோர் என்னன்னு நான் கேக்கவே தேவையில்ல மேடம், ஃப்ரிட்ஜ் கதவை அவர் மூடுற சத்தத்துலயே தெரிஞ்சுடும். அன்னிக்கு நானும் புள்ளைங்களும் ரூமை விட்டு வெளிய வரமாட்டோம்." கணவர் கை ஓங்கியதில்லை, இதை அவரிடம் சொன்னபோது அவருக்கே அதிர்ச்சி. ஆனால் எல்லா வீட்டிலும் ஃப்ரிட்ஜ் கதவோடு நிற்பதில்லை. இங்கிலாந்தின் லங்காஷயரில் 2002, 2006, 2010 உலகக்கோப்பைகளின்போது போலீசுக்கு வந்த குடும்ப வன்முறைப் புகார்களை ஆராய்ந்தார்கள். இங்கிலாந்து தோற்ற நாட்களில் 38 சதவீதம் கூடியிருந்தது, ஜெயித்த அல்லது டிரா ஆன நாட்களிலும் 26 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் அவர்களுடைய ஃபுட்பாலை வைத்து டேவிட் கார்ட், கோர்டன் டால் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் குறிப்பானது: ஜெயிக்கும் என்று எதிர்பார்த்த அணி தோற்றால் வீட்டில் ஆண்கள் பெண்களை அடிப்பது சுமார் 10 சதவீதம் கூடுகிறது, யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம் என்று எதிர்பார்த்த மேட்ச்சில் தோற்றால் அப்படிக் கூடவில்லை. தோல்வியைவிட எதிர்பார்ப்பு உடைவதுதான் ஆபத்து. கடைசி நிமிட டிராவில் நடப்பதும் எதிர்பார்ப்பு உடைவதுதான்.

ஆய்வு சொல்வது சூழ்நிலையை. அடிப்பது ஆள்தான், மேட்ச் அல்ல. "டென்ஷன்ல இருந்தேன்" என்பது காரணமே இல்லை, ஆபீஸில் மேனேஜர் முன்னால் அதே டென்ஷனை அடக்கத் தெரிகிறவருக்கு வீட்டில் மட்டும் தெரியாமல் போகாது.

அந்தக் கணவருக்கு நான் சொன்னது ஒன்றுதான்: உங்கள் மூட் என்ன என்று அவர்கள் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும்படி வைக்காதீர்கள், வாயால் சொல்லிவிடுங்கள். "டிரா ஆகிடுச்சு, கடுப்பா இருக்கு, உங்க மேல இல்ல, அரை மணி நேரம் வெளிய போயிட்டு வரேன்." அவ்வளவு போதும். மனைவியிடமும் சொன்னேன், அந்த அரை மணி நேரத்தில் ஆறுதல் சொல்ல வேண்டாம், சாப்பாட்டைப் பற்றிக்கூடக் கேட்க வேண்டாம்.

வீட்டில் ஒரு எட்டு வயதுப் பையன் ஜெர்சியோடு உட்கார்ந்து அழுதால் "இதுக்கெல்லாமா அழுவாங்க" என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவன் அழுது முடித்துவிட்டுத் தூங்கிவிடுவான். பெரியவர்களுக்குத்தான் அந்தச் சாமர்த்தியம் இல்லை.

இதய நோய் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2006 உலகக்கோப்பையில் ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் பகுதியில் அவசர இதயப் பாதிப்புகள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு இருந்தன, மேட்ச் ஆரம்பித்த முதல் இரண்டு மணி நேரத்தில்தான் உச்சம். மாத்திரையைத் தவறவிடாதீர்கள். நெஞ்சு அழுத்தினால் டென்ஷன், கேஸ் என்று நீங்களே முடிவுசெய்துகொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், வெளியே பேசத் தயங்குகிற இன்னொரு விஷயம், பணம். டிரா ஆனதில் ஒருவர் அளவுக்கு மீறி நொறுங்கிப் போயிருந்தால் நான் கட்டாயம் கேட்பேன், இதில் பணம் கட்டியிருந்தீர்களா என்று. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது, இருந்தாலும் குறுக்கு வழிகளைத் தேடிப் போகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். 88-வது நிமிடக் கோலில் போன பணத்தை அடுத்த மேட்ச்சில் எடுத்துவிடலாம் என்று கடன் வாங்குகிறவருக்கு நடைப்பயிற்சியும் முகம் கழுவுவதும் உதவாது, அது ஃபுட்பால் பிரச்சினையே இல்லை, சூதாட்டப் பிரச்சினை. அதற்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது.

சாதாரண ரசிகருக்கு இந்த வலி ஒன்றிரண்டு நாளில், அதிகம் போனால் அடுத்த மேட்ச்சுக்குள் அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமும் பசியும் திரும்பவில்லை, வேலையில் மனசு ஒட்டவில்லை, எல்லாமே வெறுத்துப்போய்விட்டது என்றால் மேட்ச் ஒரு சாக்குதான், அடியில் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வீட்டில் அடி உதை என்றால் பெண்கள் 181-ஐக் கூப்பிடலாம். பாதிக்கப்பட்டவரே பேச வேண்டும் என்ற கட்டாயம் 14416-க்கு இல்லை, அவர் மறுத்தால் அம்மாவோ மனைவியோ நண்பனோ கூப்பிட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொள்ளலாம்.