மேலே சுவர், கீழே வெறும் தூண்

2001 ஜனவரி 26 காலை கட்ச் பகுதியில் நிலம் அதிர்ந்தபோது, மையப்புள்ளியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பலவற்றின் தரைத்தளம் வண்டி நிறுத்துவதற்காகச் சுவரின்றித் திறந்து விடப்பட்டிருந்தது.

நிலநடுக்கத்தில் தரை பக்கவாட்டில் நகரும். மேலே உள்ள எடையோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். இதனால் பிறக்கும் விசை தளம் தளமாகக் கூடிக்கொண்டே கீழே இறங்கும். மிக அதிகமாகத் தாங்க வேண்டியது தரைத்தளம்தான்.

மேல்தளங்களில் தூணுக்கும் உத்தரத்துக்கும் இடையே செங்கல் சுவர் இருக்கிறது. தூணும் உத்தரமும் சேர்ந்த சட்டகம் சாயும்போது அந்தச் சுவர் மூலைக்கு மூலை முட்டுக்கொடுத்து நிறுத்தும். ஆனால் கணக்குப் போடும்போது சுவரை வெறும் எடையாக மட்டும் எடுத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். ஆபத்தின் வேர் இதுதான் என்பேன். கணக்கில் எல்லாத் தளங்களும் பகிர்ந்துகொள்ளும் சாய்வு, நிஜத்தில் தரைத்தளத்தில் குவிகிறது. மேல்தளங்கள் ஒரே பாறைபோல நகர, தூண்களின் தலையும் காலும் முறியத் தொடங்குகின்றன. சாய்ந்த தூணின்மேல் கட்டடத்தின் எடை இறங்கி, அதை மேலும் சாய்க்கிறது.

உயரமும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். தூணின் விறைப்பு, அதாவது பக்கவாட்டில் வளையாமல் எதிர்க்கும் திறன், அதன் உயரத்தை மூன்று முறை தன்னோடு பெருக்கிய அளவுக்குத் (உயரம் × உயரம் × உயரம்) தலைகீழாக மாறும். அதே தடிமனில் 3 மீட்டர் தூணை 4.5 மீட்டராக்கினால், விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893-இன் 2002 பதிப்பு, தனக்கு நேர்மேலே உள்ள தளத்தின் விறைப்பில் 70 விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள தளத்தை மென்தளம் என வகுத்தது. அதன் தூண்களையும் உத்தரங்களையும் கணக்கில் வரும் விசையைப்போல் 2.5 மடங்குக்கு வடிவமைக்கவும் சொன்னது.

1971 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் ஆலிவ் வியூ மருத்துவமனை, கட்டி முடித்துச் சில காலத்திலேயே நிலநடுக்கத்தில் சிக்கியது. மேல்தளங்களின் கான்கிரீட் சுவர்கள் அடிவரை இறங்கவில்லை. சாய்வு முழுவதும் கீழே குவிந்தது. அங்கே நெருக்கமாகச் சுருள்கம்பி சுற்றிய தூண்கள் கோணிப்போயும் சுமையைக் கைவிடவில்லை. இடைவெளி விட்டு ரிங் (நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி) கட்டிய மூலைத் தூண்களோ நொறுங்கின. உள்ளிருக்கும் கான்கிரீட்டைச் சிதறவிடாமல் இறுக்கிப் பிடிப்பது ரிங் கம்பிதான். தூணின் தலைப்பகுதியிலும் அடிப்பகுதியிலும் அது நெருக்கமாக இருக்க வேண்டும். ரிங்கின் கொக்கி முனை 135 பாகை வளைந்து கான்கிரீட்டுக்குள் புதைய வேண்டும். பூசி முடித்தபின் கண்ணில் படாத வேலை இது. கான்கிரீட் போடும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே நிற்கும் கட்டடத்திலும் வழி உண்டு: தூண்களுக்குக் கான்கிரீட் உறை, எஃகு முட்டுகள், அல்லது அடித்தளம்வரை இறங்கும் கான்கிரீட் சுவர். சுவரை ஒரு மூலையில் மட்டும் எழுப்பினால், கட்டடம் அந்த மூலையைச் சுற்றித் திருகி, எதிர்ப்பக்கத் தூண்களை முதலில் ஒடித்துவிடும். அதனால் நான்கு பக்கமும் சமமாகப் பிரித்தே வைக்க வேண்டும்.