காட்டில் நடக்கவும் சீட்டு வேண்டும்: தமிழ்நாட்டின் மலையேற்றத் திட்டம்

"மலைதானே, ஏறுவதற்கு யாரைக் கேட்க வேண்டும்?" என்று இன்றைக்கும் பலர் கேட்கிறார்கள். அது காப்புக்காடு, அதாவது அரசு சட்டப்படி பாதுகாக்கும் காடு என்றால் வனத்துறையைக் கேட்கத்தான் வேண்டும். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைவதே குற்றம். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். வேலி இல்லை, பலகை இல்லை என்பதெல்லாம் பதிலாகாது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ மலையேறப் போனவர்களில் 23 பேரின் உயிரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கெனத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'தமிழ்நாடு மலையேற்றத் திட்டம்' தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. குரங்கணி–சாம்பலாறு பாதையும் அதில் ஒன்று.

பதிவு முழுக்க இணையத்தில்தான். பாதையையும் தேதியையும் தேர்ந்தெடுத்து, வருகிறவர்களின் விவரம் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். 18 வயது நிரம்பியவர்கள் தாங்களே பதியலாம். அதற்குக் கீழே என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எளிய பாதைகள் மட்டும், அதுவும் பெரியவர்கள் துணையோடு. கட்டணம் பாதைக்குப் பாதை மாறும். 'நடப்பதற்கா இவ்வளவு?' என்று தோன்றலாம். ஆனால் கூட வரும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்தப் பகுதிப் பழங்குடி, மலையோரக் கிராமத்து இளைஞர்கள். யானைச் சாணம் சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா என்று பார்த்தே மேலே போகலாமா வேண்டாமா எனச் சொல்லக்கூடியவர்கள். அதற்குக் கூலி கொடுப்பது நியாயம்தான்.

பாதைகளை எளிது, மிதம், கடினம் என மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். முதல்முறை போகிறவர்கள் வீறாப்புக்குக் கடினத்தில் கைவைக்க வேண்டாம். சென்னைக்காரர்களுக்கு என் யோசனை, திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகை. பூண்டிப் பக்கம், கருவேல முள்ளும் செம்மண்ணுமாக ஒரு நடை. குகை என்றால் இருட்டுப் பொந்து அல்ல, தலைக்கு மேலே கவிழ்ந்து நிற்கும் பெரும்பாறை. அதன் உடம்பெல்லாம் உருண்டைக் கூழாங்கற்கள், கொழுக்கட்டைக்குள் பருப்பு மாதிரி பதிந்திருக்கும். கற்கால மனிதர்கள் புழங்கிய இடம். அண்ணாந்து பார்த்தால் பாறை விளிம்பில் தேனடைகள் தொங்கும். அதனால் வாசனைத் திரவியம், சத்தம், புகை மூன்றும் கூடாது. நீலகிரியில் கெய்ர்ன் ஹில், கோத்தகிரி லாங்வுட் சோலை ஆகியவையும் குடும்பத்தோடு போகத் தோதானவை.

இனி பலரும் சறுக்கும் இடம். பிள்ளைகளுக்கு லீவு விட்டபின் போகலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் பிப்ரவரி நடுவிலிருந்து கோடை வரை காட்டுத்தீக் காலம். அந்த வாரங்களில் வனத்துறை பாதைகளை மூடிவிடும். நல்ல மழை பெய்தால் சில பாதைகளை முன்னதாகத் திறப்பதும் உண்டு. அதனால் ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன் பாதை திறந்திருக்கிறதா என்று இணையதளத்தில் பாருங்கள்.

அப்புறம், மலையேற்றச் சீட்டு வேறு, இ-பாஸ் வேறு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. பாஸுக்குக் கட்டணம் கிடையாது. அரசுப் பேருந்தில் போனால் பாஸே வேண்டாம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.