மூன்று வாரத்தில் நாய் மாறிவிட்டதா?

காப்பகத்திலிருந்து நாயை எடுத்துப்போனவர்கள் இந்தப் புகாரோடு என்னிடம் வருவது இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. "ஷெல்டர்ல பார்க்கும்போது சாதுவா இருந்துச்சு டாக்டர், எங்களை ஏமாத்திட்டாங்க."

மேசையில் நின்றது இரண்டு வயது நாய், சிப்பிப்பாறை என்ற வேட்டை நாய் இனத்தின் கலப்பு. கூர்மூக்கு, ஒட்டிய வயிறு, நாட்டு நாயின் சுருண்ட வால். மூன்றாவது மாடி வீடு. பகல் முழுக்க பால்கனிக் கதவைச் சுரண்டி முன்காலில் இரண்டு நகம் பிய்ந்து தொங்கியது. நான் கட்டுப் போட்டு முடிக்கும் முன்பே, "திருப்பிக் கொடுத்துடலாமா?" என்று கேட்டுவிட்டார்கள்.

யாரும் ஏமாற்றவில்லை. ஐம்பது நாய்கள் குரைக்கும் இடத்தில் ஒரு மூலையில் சுருண்டு கிடப்பதற்குப் பெயர் சாதுத்தனம் இல்லை, பயம். வாலைக் காலிடுக்கில் செருகிக்கொள்ளும். உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும். பிஸ்கட்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வீட்டுக்கு வந்தும் சில நாள் அப்படித்தான் இருக்கும். பயம் தெளிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அப்புறம் எழுந்து வருவதுதான் உங்கள் நாய். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல்காட்டில் முயல் விரட்டிய பரம்பரை அது. 2020இல் பிரதமர் வானொலியில் நாட்டு இனங்களின் பெயரைச் சொன்னதிலிருந்து எல்லோருக்கும் சிப்பிப்பாறை வேண்டும். எந்த வேலைக்கு வளர்த்த நாய் என்று மட்டும் கேட்பதில்லை.

"கலப்புதானே, பாதி தெருநாய், அடங்கி இருக்கும்" என்பது இன்னொரு தப்புக்கணக்கு. பாலில் தண்ணீர் விட்ட மாதிரி குணமும் நீர்த்துப்போகும் என்று நினைப்பு! ஒரே ஈற்றில் ஒரு குட்டி வாசலில் தூங்கும், அதன் தம்பி பூனையைக் கண்டால் காம்பவுண்டைத் தாண்டும். எது எதன் பக்கம் சாயும் என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் எடுப்பதற்கு முன் நாலைந்து தடவை போங்கள். கூண்டுக்கு வெளியே நடத்திப் பாருங்கள்.

சாதாரண கழுத்துப் பட்டை வேண்டாம். சிப்பிப்பாறைக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன். பின்னால் இழுத்தால் கழன்றுவிடும். மார்போடு சேர்த்துப் பூட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். சுற்றுச்சுவர் இல்லாத இடத்தில் அவிழ்த்து விடவே கூடாது. விலா எலும்பு லேசாகத் தெரிவது இதன் உடல்வாகு, தயிர்சாதத்தைத் திணிக்காதீர்கள். ஆனால் ஈறு வெளுத்து, சோர்ந்து கிடந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், உடனே ரத்தம் பார்க்க வேண்டும். ரேபிஸ் ஊசி போட்ட தேதியைக் காப்பகத்தில் எழுதி வாங்குங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நம்ம வீட்டு நாய்தானே" என்று வராதீர்கள், கோபம் வரும். அறுவை சிகிச்சை ஏதும் என்றால் வேட்டை நாய்க் கலப்பு என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; கொழுப்பில்லாத உடம்பு, சில மயக்க மருந்துகளிலிருந்து தெளிய நேரமாகும்.

அந்தக் குடும்பத்திடம் ஒரு மாதம் கேட்டு வாங்கியிருக்கிறேன். கட்டுப் பிரித்ததும் வெயில் ஏறும் முன் ஒரு மணி நேரம் வேகநடை, சாயங்காலம் இன்னொரு முறை. பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, பகலில் யாராவது ஒருவர் கூட இருக்க வேண்டும். பெரிய பையன் அலாரம் வைத்துக்கொண்டான்.