வேலையில்லாதவர் ஓய்வு பெறும் நாள்

"சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டால் மனிதர் நிம்மதியாக இருப்பாரா, இல்லை தளர்ந்துவிடுவாரா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.

ஓய்வு பெற்றவர்களையும் வேலையில் இருப்பவர்களையும் அப்படியே ஒப்பிட்டால் தப்புக் கணக்குதான் வரும். உடம்புக்கு முடியாதவர்கள் பலர் முதலிலேயே வேலையை விட்டுவிடுகிறார்கள். ஓய்வு நோயைக் கொண்டுவந்ததா, நோய் ஓய்வைக் கொண்டுவந்ததா? இதைப் பிரித்தறிய, ஆய்வாளர்கள் சட்டம் மாறிய இடங்களைத் தேடிப்போவார்கள். ஆஸ்திரியாவில் 1988இல், எஃகுத் தொழில் நலிந்த சில மாவட்டங்களில் மட்டும், 50 வயது தாண்டியவர்களுக்கு வேலையின்மை உதவித்தொகையை அரசு பல ஆண்டுகளுக்கு நீட்டித்தது. பலர் அதைப் பிடித்துக்கொண்டு முன்கூட்டியே வேலையை விட்டார்கள். அப்படி விட்ட ஆண் தொழிலாளர்களிடம் 67 வயதுக்குள் இறக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. பெண்களிடம் அந்த விளைவு இல்லை. நெதர்லாந்தின் ஆண் அரசு ஊழியர்களை ஆராய்ந்தபோதோ நேர்மாறான முடிவு வந்தது. முன்கூட்டிய ஓய்வு அங்கே உயிரைக் காத்திருந்தது.

சரி, மனத் திருப்தி? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு வருகிறது. ஜெர்மனியில் 1984 முதல் ஆண்டுதோறும் அதே குடும்பங்களைத் தேடிப்போய்க் கேள்வி கேட்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது, 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லுங்கள் என்பது அதில் ஒரு கேள்வி. இந்தத் தரவை வைத்து ஹெட்ஷ்கோ, க்னாபே, ஷோப் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களின் எண் சராசரியாகப் பெரிதாக அசையவில்லை. நெடுநாள் வேலையில்லாமல் இருந்து அப்படியே ஓய்வுக்குப் போனவர்களின் எண் மட்டும் நன்றாக ஏறியிருந்தது.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். மூன்று வருடமாக வேலையில்லாத ஒருவர். ஓய்வு பெறுவதால் அவருக்குப் புதிதாக நேரம் கிடைத்துவிடவில்லை. எழுவது, காபி குடிப்பது, கடைக்குப் போய்வருவது எல்லாம் நேற்று மாதிரியேதான். கையில் வரும் பணமும் பெரிதாகக் கூடியிருக்காது. ஆனால் "என்ன பண்றீங்க?" என்று யாராவது கேட்டால் நேற்றுவரை "வேலை தேடிக்கிட்டிருக்கேன்" என்று குரலைத் தாழ்த்தியவர், இன்று "ரிட்டயர் ஆயிட்டேன்" என்று நிமிர்ந்து சொல்கிறார்.

உழைக்கும் வயதில் உள்ளவர் உழைக்க வேண்டும் என்பது ஊர் எதிர்பார்ப்பு. ஓய்வூதியர் என்ற வரிசைக்குள் வந்ததும் அந்த எதிர்பார்ப்பு அவரைத் தொடாது. தான் யார் என்ற எண்ணமே நலத்தின் ஒரு பகுதி என்று அகெர்லாஃப், கிரான்டன் என்ற பொருளியலாளர்கள் 2000இல் பொருளியலுக்குள் கொண்டுவந்த கருத்துக்கு இதைவிடத் துல்லியமான சோதனையை நான் பார்த்ததில்லை. வேலை போகும்போது சம்பளம், நண்பர்கள், அன்றாட ஒழுங்கு, மரியாதை எல்லாம் ஒன்றாகப் போய்விடும். எது எவ்வளவு வலித்தது என்று பிரிக்க முடியாது. எண்ணெய்க் கடையில் பாத்திரத்தின் எடையைத் தனியே கழிப்பார்களே, அதுபோல இந்த ஆய்வு அவமானத்தை மட்டும் தனியாக நிறுத்துக் காட்டுகிறது.

ஒரே ஆளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்ததால்தான் இது முடிந்தது. இந்தியாவிலும் 2017–18இல் 45 வயதைக் கடந்தவர்கள், அவர்களின் வாழ்க்கைத் துணைகள் என 72,000க்கும் மேற்பட்டவர்களிடம் முதுமை குறித்த பெரிய ஆய்வின் முதல் சுற்று நடந்தது. ஒரு சுற்று என்பது ஒரு புகைப்படம்தான். அதே மனிதர்களிடம் திரும்பத் திரும்பப் போக வேண்டும், அதற்கு அரசு தயங்காமல் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் ஊர்க் கேள்விகள் ஜெர்மன் தரவில் கிடைக்காது. வாசகரின் அப்பாவுக்கு ஓய்வு பெற ஒரு தேதியும் ஓய்வூதியர் என்ற பெயரும் இருக்கின்றன. 70 வயதிலும் களையெடுக்கப் போகும் விவசாயக் கூலிக்கு அந்தத் தேதியே கிடையாது. உடம்பு மறுக்கும் நாளில் அவர் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறார்?